மூதூர்க் கரையோரத்தில் சுகாதார இடைவெளியைக் குறைக்க 18 மாதத் திட்டம்: போடுவது எப்படி, அளப்பது எப்படி

கேள்வி சுருக்கமாக இதுதான்: இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், வெருகல் பிரதேச செயலகப் பிரிவுகளில் ஆறு கிராமங்களில் வேலை செய்யும் ஒரு சங்கத்துக்கு 18 மாதத்துக்கு நிதி கிடைத்திருக்கிறது. சீனி வருத்தம், பிரஷர் இரண்டிலும் பின்தங்கிய ஊர்களுக்கும் வசதியான ஊர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? குறைந்ததா இல்லையா என்று கடைசியில் எப்படிக் காட்டுவது?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுங்கள். கடைசியில் எதைக் காட்டப் போகிறோம் என்பது முதல் மாதத்திலேயே முடிவாகாவிட்டால், திட்டம் தானாகவே மருத்துவ முகாமாக மாறிவிடும். முகாம் நடத்துவது சுகம், படம் எடுக்கலாம், வந்தவர் தொகையும் பெரிதாக இருக்கும். ஆனால் முகாமுக்கு வருவது யார்? பாடசாலைக்குக் கிட்ட இருப்பவர், அன்று வேலை இல்லாதவர், ஏற்கெனவே கிளினிக் கொப்பி வைத்திருந்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்ள நினைப்பவர். தோணியில் போனவரும் கூலிக்குப் போனவரும் வரமாட்டார்கள். தேவை கூடிய இடத்தில்தான் நல்ல வைத்தியம் கிடைப்பது குறைவு என்று வேல்ஸ் நாட்டுக் குடும்ப வைத்தியர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971 இல் எழுதினார். அந்த 'எதிர்மாறான பராமரிப்பு விதி' வைத்தியசாலைக்கு மட்டும் உரியதல்ல, நல்லெண்ணத்தோடு செய்யும் திட்டங்களையும் அது பிடித்துக்கொள்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைக் கொடுத்தால், எட்டிப் பிடிக்க வசதி உள்ளவர் முதலில் பிடிப்பார். சராசரி உயரும், இடைவெளியும் கூடும்.

இதில் கணக்கு ஒன்று கவனிக்க வேண்டியது. உதாரணத்துக்கு, ஊர் 'அ'வில் 35 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 60 வீதமானோர் பிரஷர் அளந்திருக்கிறார்கள், ஊர் 'ஆ'வில் 30 வீதம். திட்டத்துக்குப் பிறகு 'அ' 80, 'ஆ' 42. விகிதத்தில் சொன்னால் 2 மடங்கு 1.9 ஆகக் குறைந்துவிட்டது. வித்தியாசத்தில் சொன்னால் 30 புள்ளி 38 ஆகக் கூடிவிட்டது. அளக்காமல் விடுபட்டவர்களை எடுத்தால் இன்னும் மோசம்: முதலில் 70க்கு 40, அதாவது 1.75 மடங்கு, பிறகு 58க்கு 20, அதாவது 2.9 மடங்கு. மூன்றும் ஒரே தரவு. அறிக்கை எழுதுபவர் தனக்கு வசதியானதைத் தெரிவு செய்ய இடம் இருக்கிறது, அதனால் தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள்: எந்தக் குறிகாட்டி (எதை எண்ணிக் காட்டப் போகிறோம்), எந்த இரண்டு தரப்புக்கு இடையில், வித்தியாசமாகவா விகிதமாகவா. அறிக்கையில் இரண்டையும் போடுங்கள், கூடவே இரு பக்கத்து உண்மை எண்களையும் போடுங்கள். இல்லாவிட்டால், பெரிய ஊரில் மருந்து தட்டுப்பட்டு அங்கே நிலைமை விழுந்ததால் இடைவெளி குறைந்ததைக்கூட வெற்றி என்று எழுதிவிடலாம்.

குறிகாட்டி ஒன்று போதும், கூடினால் இரண்டு. "சீனி வருத்தத்தைக் குறைப்பது" குறிகாட்டி ஆகாது. ஆறு கிராமத்தில் 18 மாதத்தில் நோய் வீதம் மாறாது. மரணங்களையும் எண்ணிக் காட்ட வேண்டாம். ஓராண்டில் 4 மாரடைப்பு மரணம், அடுத்த ஆண்டு 2 என்றால் பாதியாகிவிட்டது என்று யாராவது சொல்வார்கள். 4 என்ற எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் உண்மையான வீதம், தற்செயலை மட்டும் கணக்கில் எடுத்தால்கூட, 1 முதல் 10 வரை எங்கேயும் இருக்கலாம். உங்களால் அசைக்கக்கூடியது, அளப்பதிலிருந்து நோய் கட்டுப்படுவது வரை போகும் சங்கிலியின் நடுக்கண்ணிகள்தான்.

அந்தச் சங்கிலியை ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். உதாரணமாக: 35 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 200 பேர், பிரஷர் அளந்தவர் 90, கூடியிருந்தவர் 30, கிளினிக்கில் பதிந்தவர் 18, ஆறு மாதம் கழித்தும் மருந்து எடுப்பவர் 9, பிரஷர் 140/90க்குக் கீழே வந்தவர் 5. எந்தக் கண்ணியில் ஆட்கள் கூடுதலாக உதிர்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். பட்டினத்து ஊரில் கடைசிக் கண்ணி தளர்ந்திருக்கும், கரையோர ஊரில் முதலாவது கண்ணியே அறுந்திருக்கும். முகாம் போடுவது முதல் கண்ணிக்கு மட்டும் மருந்து. பதிந்தவர்கள் திரும்பப் போகாத ஊரில் இன்னும் 50 பேருக்கு அளந்து "உங்களுக்குப் பிரஷர் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தால், பயத்தைக் கொடுத்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

இந்தச் சங்கிலியில் முதல் எண்தான், அதாவது மொத்தம் எத்தனை பேர் என்பதுதான், எடுக்கக் கடினமானது. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு மிக நல்ல பதிவேடு. சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வீடு வீடாகப் போய் எழுதுவது. ஆனால் அது 15 முதல் 49 வயது வரையான பெண்களையும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் மையமாக வைத்தது. 50 வயது மீனவர், தனியாக இருக்கும் கிழவர், மனைவி மத்திய கிழக்குக்குப் போன வீட்டில் இருக்கும் ஆண், இவர்கள் அதில் சரியாக விழமாட்டார்கள். கிராம உத்தியோகத்தரிடம் உள்ள வாக்காளர் இடாப்பில் ஆட்கள் இருப்பார்கள், ஆனால் ஊரில் இருக்கமாட்டார்கள். சம்பூரைப் பாருங்கள்: 2006 இல் இடம்பெயர்ந்து 2015க்குப் பிறகு திரும்பிய ஊர். பதிவு ஓரிடம், இருப்பு ஓரிடம், பிள்ளைகளின் படிப்புக்காக வாடகை வீடு இன்னோரிடம். இரண்டு பட்டியலையும் ஒன்றாக வைத்து, ஊரில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்க்க ஓர் ஊருக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். ஆறு ஊருக்கு 18 நாள். இது வீண்செலவு என்று தோன்றும். ஆனால் இந்தப் பட்டியல் இல்லாமல் நீங்கள் எழுதும் எந்த வீதமும் கற்பனை.

பட்டியல் எடுக்கும்போதே யாருக்கு எது இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: தொழில், அரசின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கிறதா, பஸ் ஓடும் வீதிக்கு எவ்வளவு தூரம், வாசிக்கத் தெரியுமா. இந்த நாலு போதும். இனத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் திருகோணமலை மாவட்டத்தில் பாதிதான் விளங்கும். பாட்டாளிபுரம், நல்லூர், இலக்கந்தைப் பக்கம் கரையோர வேடர் குடும்பங்களின் நிலை ஒன்று, அதே பிரதேச செயலகப் பிரிவில் மூதூர்ப் பட்டினத்தின் நிலை வேறு. மறுபக்கம், சிங்களவர் கூடுதலாக வாழும் பதவிசிறிபுரவில் சிறுநீரக நோயோடு இழுபடும் விவசாயிகளும் இதே ஏற்றத்தாழ்வின் ஆட்கள்தான். ஊர்களை எந்த அடிப்படையில் தெரிவு செய்தீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிப் பிரதேச செயலகத்தில் ஒட்டிவிடுங்கள். "அவங்கட ஊருக்கு மட்டும் செய்யிறாங்கள்" என்ற பேச்சு எழும்பத்தான் செய்யும், எழும்பும்போது காட்ட ஒரு கடதாசி இருக்க வேண்டும்.

காரணம் தேடுவதற்குக் குழுக் கலந்துரையாடல் வைப்பார்கள். வைத்தால் "விழிப்புணர்வு இல்லை" என்ற பதில்தான் வரும், ஏனென்றால் கேட்பவருக்குப் பிடித்த பதில் அது. அதைவிட, ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பேரிடம் கடைசியாகக் கிளினிக் போன நாளை மணிக்கணக்கில் சொல்லச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்போது இப்படி ஏதாவது வரும்: 4.30க்கு எழும்பினேன். 5.45க்குப் பஸ், வந்தது 6.20க்கு. மூதூரில் இறங்கும்போது நம்பர் 70 தாண்டிவிட்டது. 10.40க்கு டொக்டரைப் பார்த்தேன். மருந்து எடுக்குமிடத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம், இரண்டு குளிசையில் ஒன்று இல்லை, வெளியில் வாங்கச் சொன்னார்கள். 12 மணி பஸ் போய்விட்டது, ஓட்டோவுக்குக் காசு இல்லை, 2.30 வரை இருந்தேன். அன்று தொழில் இல்லை. அடுத்த மாதம் போகவில்லை.

விழிப்புணர்வு இல்லாத மனிதர் 4.30க்கு எழும்பமாட்டார். இந்தக் கதையில் நம்பர் கொடுக்கும் முறை, பஸ் நேரம், மருந்து இருப்பு, ஒரு மாத மருந்து என்ற விதி என்று நாலு ஆணி இருக்கிறது. ஒவ்வோர் ஆணியையும் யாரால் பிடுங்க முடியும் என்று பக்கத்தில் எழுதுங்கள். தூரத்து ஊர்க்காரருக்குத் தனி நம்பர் ஒதுக்குவதும், நிலையாக இருப்பவருக்கு இரண்டு மாத மருந்து கொடுப்பதும் வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியோடு பேசித் தீர்க்கக்கூடியவை. ஊரில் மாதம் ஒரு நடமாடும் கிளினிக், மாலை நேரத்தில் சீனி, பிரஷர் பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையம் (எச்.எல்.சி), இவை சுகாதார வைத்திய அதிகாரியின் கையில். புதிய ஆளணியும் மருந்து ஒதுக்கீடும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கும் அதற்கு மேலேயும் போக வேண்டியவை. பஸ் நேரம் இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போவுக்கு. உங்கள் 18 மாதத்தில் முதல் இரண்டு வகையை மட்டும் நம்புங்கள். மற்றதற்குக் கடிதம் எழுதுங்கள், ஆனால் வெற்றியை அதில் கட்டிவைக்க வேண்டாம்.

நேரம் பற்றி: எச்.எல்.சி வழக்கமாக வார நாட்களில் காலையில்தான். இரவு வலைக்குப் போனவர் காலையில் மீனை விற்று, வலை தட்டி, நித்திரைக்குப் போகும் நேரம் அது. மாலை 3.30 முதல் 6 வரை வைத்தால் வருவார்கள். வெறும் வயிற்றில் சீனி பார்க்க எட்டு மணித்தியாலமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதால் மாலையில் எழுந்தமான (சாப்பிட்ட நேரம் பாராத) சீனி அளவைத்தான் எடுக்கலாம். கூடியிருப்பவருக்கு மட்டும் காலைப் பரிசோதனைக்குத் துண்டு கொடுங்கள். அந்தத் துண்டைக் கொண்டு வந்தவர் எத்தனை பேர் என்பதும் சங்கிலியில் ஒரு கண்ணி. வெள்ளிக்கிழமை மூதூரில் நடுப்பகலில் வைக்காதீர்கள். நோன்பு காலத்தில் குளிசை எடுக்கும் நேரம் மாறும் என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மருந்து உறையில் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று முத்திரை குத்துவது மிக மலிவான வேலை, வாசிக்கத் தெரியாதவருக்கு அதுதான் பெரிய உதவி.

எல்லா ஊருக்கும் ஒரே அளவு கொடுக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் கொடு, தேவைக்கேற்ற அளவில் கூட்டிக் குறைத்துக் கொடு என்பதுதான் 2010 இல் இங்கிலாந்தில் மைக்கேல் மார்மட் தலைமையிலான சுகாதார ஏற்றத்தாழ்வு மீளாய்வு வலியுறுத்திய வழி. ஆறு ஊருக்கும் மாலைக் கிளினிக், ஆனால் பஸ் வீதியிலிருந்து தூரத்தில் உள்ள இரண்டு ஊருக்கு மட்டும் நடமாடும் கிளினிக்கும் வீட்டுக்கு வந்து நினைவூட்டும் ஆளும்.

இனிக் காலக்கணக்கு. திட்டம் ஜனவரியில் தொடங்குவதாக வைப்போம், அடுத்த ஆண்டு ஜூனில் முடியும். தொடக்க அளவீட்டையும் இறுதி அளவீட்டையும் ஒரே மாதத்தில் செய்யுங்கள்: முதல் ஆண்டு மே, இரண்டாம் ஆண்டு மே. நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழைக் காலம். கடல் கொந்தளிக்கும், மகாவலி பெருகினால் வெருகல் பக்கம் வீதி தண்ணீரில் போகும், தொழில் இல்லாத ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். மே மாதத் தரவை டிசம்பர்த் தரவோடு ஒப்பிட்டால் உங்கள் திட்டத்தை அல்ல, காலநிலையை அளந்திருப்பீர்கள். நோன்பு ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னுக்கு வரும் என்பதால் அதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட வேறு ஊர் இல்லாமல் "முன்பு, பின்பு" மட்டும் காட்டினால், அதே காலத்தில் மருந்து விலை குறைந்தது, புதிய வைத்தியர் வந்தார் என்று எதையும் சொல்லலாம். இதற்கு நல்ல வழி, ஆறு ஊரையும் ஒரே நாளில் தொடங்காமல் விடுவது. மே அளவீடு முடிந்ததும் கிராம உத்தியோகத்தர்கள் முன்னிலையில் சீட்டுக் குலுக்குங்கள். ஆனால் தூரத்து ஊர் இரண்டும் ஒரே பக்கம் விழாதபடி அவற்றுக்குத் தனியாகவும், மற்ற நாலுக்குத் தனியாகவும் குலுக்குங்கள். மூன்று ஊர் ஜூனில் தொடங்கும், மற்ற மூன்று அடுத்த ஜனவரியில். ஒக்டோபர் கடைசியில், மழைக்கு முன், ஆறிலும் அளவுங்கள். மழையும் மருந்துத் தட்டுப்பாடும் ஆறுக்கும் பொது, திட்டம் மட்டும் மூன்றுக்கு. பிந்தியவர்களுக்கும் கட்டாயம் வரும் என்பதால் சண்டை குறைவு. பக்கத்து ஊர்க்காரர் மாலைக் கிளினிக்குக்கு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். எந்த ஊர் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அளப்பதில் பிழை விடும் இடங்கள் சில. மேற்கையில் கட்டும் மானியைப் பாவியுங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கை நெஞ்சு மட்டத்தில், பேசாமல், இரண்டு தடவை எடுத்துச் சராசரி. பெரிய கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் பிரஷர் கூட்டிக் காட்டும். இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. ஒரு நாள் அளந்து 140க்கு மேல் வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, ஆறு மாதம் கழித்து அவர்களையே அளந்தால், எந்த மருந்தும் கொடுக்காவிட்டாலும் சராசரி குறைந்துதான் வரும், ஏனென்றால் அன்று தற்செயலாகக் கூடியிருந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். ஆகவே தெரிவு செய்ய எடுத்த அளவைத் தொடக்க அளவாகப் பாவிக்காதீர்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை எடுத்து அதைத் தொடக்கமாக வையுங்கள்.

எத்தனை பேரைக் கேட்பது? 60 வீதம் 75 ஆகியதை நம்பிக்கையோடு காட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 150 பேர் வேண்டும். ஒரே ஊரில் உள்ளவர்கள் ஒரே மாதிரி நடப்பார்கள் என்பதால் உண்மையில் இன்னும் கூட. அதனால் மே, ஒக்டோபர், மே என்ற மூன்று பெரிய அளவீட்டிலும் ஊருக்கு 70 பேர் எடுங்கள், மூன்று ஊர் சேர்ந்து 210. இடையில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊர் நிலையைப் பார்க்க 19 பேர் போதும். மருந்து எடுக்க வேண்டியவர் பட்டியலில் 190 பேர் இருந்தால், 1க்கும் 10க்கும் இடையில் ஒரு எண்ணைச் சீட்டில் எடுத்து அங்கிருந்து ஒவ்வொரு பத்தாவது ஆளாகத் தெரிவு செய்யுங்கள். இலக்கு 80 வீதம் என்றால் 19இல் 13 பேராவது "மருந்து இருக்கிறது, எடுக்கிறேன்" என்று உறையைக் காட்ட வேண்டும். 12 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்த ஊரில் ஏதோ பிழை, போய்ப் பாருங்கள். இந்த முறை 80 வீத ஊரையும் 50 வீத ஊரையும் பிரித்துக் காட்டும். 75ஐயும் 80ஐயும் பிரிக்காது, அந்தளவுக்கு அதை வருத்த வேண்டாம். தெரிவானவர் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகாதீர்கள், திரும்பவும் இரண்டு தடவை போங்கள். வீட்டில் இல்லாதவர்தான் நீங்கள் தேடிவந்த ஆள்.

இன்னொன்றையும் எண்ணுங்கள்: உங்கள் வேலையால் வேறெது கெட்டது என்று. நடமாடும் கிளினிக்குக்குக் குடும்பநல உத்தியோகத்தரை இழுத்தால், அவர் அந்த நாளில் போக வேண்டிய கர்ப்பிணி வீடு விடுபடும். மாதாந்த வீட்டுத் தரிசிப்பு எண்ணிக்கையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வாங்கி ஒரு வரியாகப் போட்டு வாருங்கள். விழுந்தால் வேறு ஆளைப் பிடியுங்கள்.

தரவு எடுக்கும் முன் பிராந்தியப் பணிமனையின் எழுத்துமூல அனுமதி, பதிவேட்டிலிருந்து பெயரில்லாத எண்கள் மட்டும், வீட்டில் கேட்பதற்குச் சம்மதம், இவை கட்டாயம். முடிவை ஆய்வாகப் பிரசுரிக்க நினைத்தால் தொடங்கும் முன்பே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை மீளாய்வுக் குழு போன்ற ஒன்றிடம் போக வேண்டும், பிறகு போனால் தரமாட்டார்கள். மொத்தக் காசில் பத்தில் ஒரு பங்கை அளவீட்டுக்கு என்று முதலிலேயே பிரித்து வையுங்கள். கடைசியில் மிஞ்சுவதில் செய்வோம் என்றால் மிஞ்சாது.

கையளிப்பதையும் இப்போதே யோசியுங்கள். அரசாங்க நிதியாண்டு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை, அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவுகள் ஆண்டின் நடுப்பகுதியிலேயே சேரத் தொடங்கிவிடும். அதனால் முதல் ஆண்டு மே அளவீடு முடிந்த கையோடு இரண்டு பக்கத்தில் ஓர் அட்டவணையும் மாலைக் கிளினிக்குக்கு வேண்டிய மேலதிக நேரக் கொடுப்பனவுக் கணக்கும் எழுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொடுங்கள். திட்டம் முடிந்தபின் கொண்டுபோனால் அந்த ஆண்டுக் கதவு மூடியிருக்கும்.

முடிவை ஊரிலும் சொல்ல வேண்டும், ஆறு ஊரின் எண்ணையும் ஒரே பலகையில், முன்னேறாத ஊரின் எண்ணையும் மறைக்காமல். கூட்டத்தைப் பௌர்ணமியை ஒட்டி வையுங்கள். நிலவு வெளிச்சத்தில் விளக்கு வைத்துப் பிடிக்கும் தொழில் குறைவு என்பதால் ஆண்கள் கரையில் இருப்பார்கள். ஆனால் போயா அன்றே வைத்தால் உத்தியோகத்தர்கள் விடுமுறையில் போய்விடுவார்கள், அதற்கு முதல் நாள் மாலை நல்லது.